ஐஸ் போட்ட கட்டன் சாயா

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது. டீக்கடையின் கண்ணாடி கிளாஸ் மாறுவதில்லை. அதில் ஊற்றித் தருவதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பெயர்தான்: சாயா. பால் சேர்க்காவிட்டால் கட்டன் சாயா.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இவை அனைத்தும் ஒரே சமஸ்தானத்தின், பிறகு ஒரே மாநிலத்தின் ஊர்கள். மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆனால் அது கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு தாலுகாக்களின் நடுவே விழுந்ததே தவிர அடுப்படிகளின் நடுவே விழவில்லை. அன்னாசிப் பழம் இரு பக்கத்துச் சந்தையிலும் கைதச்சக்கைதான். பலா வெறும் சக்கைதான்.

இந்த அடுப்படிகளுக்குள் கோடைக்காலத்தில் இப்போது ஒரு புது விருந்தாளி. பழச்சாறு சேர்த்து, இனிப்புப் போட்டு, ஐஸ் மிதக்கவிட்ட டீ. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நகரத்து பேக்கரியில் குடித்துவிட்டு வந்து வீட்டில் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கடையில் பாக்கெட் வாங்குகிறார்கள். தண்ணீரில் கலக்கினால் எலுமிச்சை டீ, பீச் டீ தயார் என்று அட்டையில் போட்டிருக்கிறது. பீச் என்ற பழத்தைப் பாறசாலைச் சந்தையில் பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. உணவுப் பொருள் எதுவானாலும் அதில் சேர்ந்தவற்றை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எது அதிகமோ அது முதலில். இத்தகைய இனிப்பு டீ பொடிகள் பெரும்பாலானவற்றில் முதல் பெயர் சர்க்கரை. டீயின் சாரம் அதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கும். பழத்தின் இடத்தில் மணமூட்டியும் சிட்ரிக் அமிலமும் இருக்கும். சர்க்கரையும் புளிப்பும் மணமும் வாங்கத்தான் காசு என்றால் அவை மூன்றும் கொல்லைப்புறத்தில் இருக்கின்றன.

அமெரிக்காவுக்கு ஐஸ், இந்தியாவுக்குச் சூடு

ஐஸ் டீ அமெரிக்கச் சரக்கு என்பது பொதுவான எண்ணம். அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. இந்தியத் தேயிலையை அறிமுகப்படுத்த அங்கே போயிருந்தவர் ரிச்சர்ட் பிளெச்சிண்டன். கொளுத்தும் கோடையில் சூடான டீயை யாரும் சீந்தாததால் அவர் அதைக் குளிரவைத்துக் கொடுத்தார், கூட்டம் மொய்த்தது, ஐஸ் டீ பிறந்தது என்று ஒரு கதை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது.

கதை பாதிதான் சரி. அதற்கு 25 ஆண்டுகள் முன்பே, 1879இல் வெளிவந்த 'ஹவுஸ்கீப்பிங் இன் ஓல்டு வர்ஜீனியா' என்ற சமையல் புத்தகத்தில் பச்சைத் தேயிலையில் டீ தயாரித்து, ஐஸும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிக்கும் முறை அச்சாகியிருக்கிறது. பிளெச்சிண்டன் செய்தது கண்டுபிடிப்பு அல்ல, விளம்பரம். பச்சைத் தேயிலைக்குப் பழகியிருந்த அமெரிக்கர்களுக்கு இந்தியாவின், இலங்கையின் கறுப்புத் தேயிலையைக் குளிர்ச்சியாகக் காட்டிக் கொடுத்தார். 1903இல் இந்தியாவில் வந்த தேயிலைத் தீர்வைச் சட்டம், வெளிநாடுகளில் இப்படிப் பிரசாரம் செய்வதற்குப் பணம் திரட்டத்தான். பின்னாளில் அதே தோட்ட முதலாளிகள் இந்தியர்களுக்கு டீ குடிக்கக் கற்றுக்கொடுத்தபோது பாலும் சர்க்கரையும் போட்ட சூடான டீயைக் காட்டினார்கள். அமெரிக்காவுக்கு ஐஸ், இந்தியாவுக்குச் சூடு என்று பாகம் பிரிந்தது அப்படித்தான்.

ஐஸின் பயணமோ எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1833இல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏற்றிய ஏரிப் பனிக்கட்டி நான்கு மாதங்கள் கடலில் மிதந்து கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டதுதான். அன்று வெள்ளைக்காரர் மட்டுமே தொட முடிந்த பொருள், இன்று காரோட்டிலும் செங்கல் கிராமத்திலும் வீட்டு ஃபிரிட்ஜில் தட்டுத்தட்டாக உறைகிறது.

கொல்லையில் இருப்பது என்ன?

எல்லைக் கிராமங்களில் பழத்துக்குப் பஞ்சமில்லை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடும்போது முதல் சில ஆண்டுகளுக்கு இடையிலே கைதச்சக்கை போடுவது இப்பகுதி விவசாயிகளின் வழக்கம். வேலியில் படரும் பாஷன் ஃப்ரூட்டை மலையாளிகள் 'ஃபாஷன் ஃப்ரூட்' ஆக்கி நெடுநாளாகிறது. பேரக்காய் என்று சொல்லப்படும் கொய்யா, சாம்பக்காய், பச்சை மாங்காய், நாரங்காய் எல்லாம் முற்றத்திலேயே கிடைக்கும். இனிப்புக்குப் பனையின் கருப்பட்டி. காலையில் கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த தலைமுறை இரு பக்கமும் இன்னும் இருக்கிறது.

தேயிலையும் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே பொன்முடிச் சரிவில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. ஆனால் மளிகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் தூள் டீ. அதுவும் சி.டி.சி. எனப்படும் இயந்திர முறையில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய டீ. 1930களில் அசாமில் உருவான இந்த முறை, பால் ஊற்றினாலும் நிறமும் கடுப்பும் குறையாத டீயைத் தருவதற்குப் பேர்போனது. பால் சேராத ஐஸ் டீக்கு அந்தக் கடுப்பு தேவையில்லை. இலையாக இருக்கும் டீ கிடைத்தால் அது உத்தமம். தூள்தான் உண்டு என்றால் அளவையும் நேரத்தையும் குறைத்தால் போதும்.

ஆறு கிளாஸுக்குக் கணக்கு

முதலில் பழப்பாகு. தோலும் கண்ணும் நீக்கிய கைதச்சக்கைத் துண்டுகள் 250 கிராம், சர்க்கரை 80 கிராம், தண்ணீர் 200 மில்லி, தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு. பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, கரண்டியால் மசித்து, வடிகட்டி ஆறவிட வேண்டும். சக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். பச்சடிக்கு ஆகும்.

அடுத்து டீ. 600 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு நான்கு டீஸ்பூன் இலை டீயைப் போட்டு மூட வேண்டும். நான்கு நிமிடம் போதும். தூளானால் மூன்று டீஸ்பூன், இரண்டரை நிமிடம். டீயைப் போட்டபின் கொதிக்கவிடக் கூடாது. வடிகட்டும்போது சண்டியை அழுத்திப் பிழியவும் கூடாது. பால் டீக்குப் பழகிய கைகள் தவறுவது இந்த இரண்டு இடங்களில்தான். கொதித்த டீ, பிழிந்த டீ இரண்டிலும் துவர்ப்பு கூடும். பால் இருந்தால் அதன் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. நேரே நாக்கில் ஒட்டும்.

டீயைத் தானாக ஆறவிட்டுப் பழப்பாகைக் கலந்து, ஒரு நாரங்காயைப் பிழிந்து, சுமார் 250 கிராம் ஐஸ் சேர்த்தால் ஆறு கிளாஸ் வரும். ஐஸ் உருகினால் டீ நீர்த்துப்போகும் என்பதை எண்ணித்தான் முதலிலேயே டீ சற்றுக் கெட்டியாக இருக்கிறது.

கருப்பட்டி போட விரும்பினால் சர்க்கரைக்குப் பதில் அதே எடை. ஆனால் நேராகப் பாத்திரத்தில் போட வேண்டாம். 150 மில்லி தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் தங்கும் மணலைப் பார்த்தால் காரணம் புரியும். கருப்பட்டியின் புகை வாசனைக்குக் கைதச்சக்கையைவிடப் பச்சை மாங்காய் ஒத்துப்போகும். மாங்காயை வேகவைத்து, சதையை எடுத்து மசித்துச் சேர்க்கலாம். பாஷன் ஃப்ரூட்டை மட்டும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். மணம் ஆவியோடு போய்விடும். நான்கு பழங்களின் சதையை, ஓட்டை நன்றாகக் கழுவிய பிறகு, சுரண்டிக் குளிர்ந்த டீயில் போட்டால் போதும். நாரங்காய்ச் சாறும் அப்படியே, கடைசியில்தான்.

செய்து பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டு மலைப்பதுண்டு. ஒன்று, ஃபிரிட்ஜில் வைத்த டீ கலங்கிச் சேற்றுத் தண்ணீர் போலாகிவிடுகிறது. கெட்டுப்போனது என்று கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. டீயிலுள்ள காஃபீனும் நிறம் தரும் பொருள்களும் குளிர்ச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கலக்கம் அது. டீ எவ்வளவு கெட்டியோ, எவ்வளவு சட்டென்று குளிர்ந்ததோ, அவ்வளவு கலங்கும். கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் தெளிந்துவிடும். சூடாக ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே ஆறவிட்டால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே இல்லை.

இரண்டாவது, நாரங்காய் பிழிந்த கணமே கறுப்பு டீ பொன்னிறமாகிவிடுகிறது. டீயின் நிறப்பொருள்கள் தாமே மெல்லிய அமிலங்கள். புளிப்பு கூடினால் அவற்றின் நிறம் வெளுக்கும். காரத்தன்மையுள்ள கிணற்று நீரில் போட்ட டீ கன்னங்கரேலென்று இருப்பதும் இதே விதியின் மறுபக்கம்தான்.

ஐஸ் எந்தத் தண்ணீரில்?

இதுவரை சொன்னது ருசி. இனி வருவது அதைவிட முக்கியம்.

சாயாவுக்கு இந்த நாட்டில் கிடைத்த மரியாதைக்கு ருசி மட்டும் காரணமல்ல. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத கிணற்றின் தண்ணீரை நம்பிக் குடிக்கக்கூடிய ஒரே வழி அது. கொதித்த தண்ணீர். ஐஸ் டீ அந்தக் காவலை ஒரே நொடியில் விலக்கிவிடுகிறது. டீயைக் கொதிநீரில் போட்டுவிட்டு, குழாயிலோ கிணற்றிலோ பிடித்த பச்சைத் தண்ணீரை உறையவைத்து அதில் மிதக்கவிட்டால், கொதிக்கவைத்ததன் பயன் பூஜ்யம். கொதித்த நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆறவைக்காதீர்கள் என்று கேரளச் சுகாதாரத் துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஐஸ் என்பது உறைந்த பச்சைத் தண்ணீர். அந்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். உறைநிலை கிருமிகளைத் தூங்கவைக்குமே தவிர எல்லாவற்றையும் கொல்லாது. மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல.

வீணான பயம் என்று நினைப்பவர்கள் 2024 ஜூலையை நினைத்துப் பார்க்கலாம். நெய்யாற்றின்கரையில் ஒரு விடுதியில் தங்கியிருந்த சிறுவனுக்குக் காலரா இருப்பது உறுதியானது. தொடர்ந்து அங்கிருந்த மேலும் சிலருக்கும். காலரா என்ற சொல்லையே மறந்துவிட்ட ஒரு மாநிலத்தில், மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் அது நடந்தது. அதே மாதம் நெய்யாற்றின்கரைப் பகுதிக் குளம் ஒன்றில் குளித்த இளைஞர் அமீபா மூளைக்காய்ச்சலில் இறந்தார். அதற்குப் பிறகு வீட்டுத் தண்ணீர் எல்லாவற்றின் மீதும் மக்களுக்குச் சந்தேகம். இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த அமீபா மூக்கின் வழியே ஏறுவது. குடிப்பதால் வருவதல்ல. காலரா, டைஃபாய்டு, மஞ்சள்காமாலை மூன்றும் வாய் வழியே வருபவை. ஐஸைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது இந்த மூன்றுக்கும்தான்.

செய்ய வேண்டியது எளிது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் அப்படியே கொதிக்க வேண்டும். மூடி ஆறவிட்டு, மூடிபோட்ட தட்டில் உறையவைக்க வேண்டும். பூவாறு பக்கத்துக் கடற்கரை வீடுகளில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் மீன் இருக்கும். மூடாவிட்டால் டீயில் அயிலை மணக்கும். மணத்தோடு வேறு சிலவும் வரும். ஐஸைக் கையால் அள்ளாமல் கரண்டியால் எடுப்பது நல்லது.

விசேஷத்துக்கு 200 பேருக்குச் செய்வதானால் வீட்டு ஃபிரிட்ஜ் போதாது. அப்போதுதான் ஐஸ் பார் வாங்குகிறார்கள். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸும் குடிக்கும் ஐஸும் ஒன்றல்ல. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஆனால் வெள்ளையாக இருக்கும் ஐஸ் பார் எல்லாம் குடிக்கத் தக்கது என்று அதற்குப் பொருள் இல்லை. கல்யாண வீட்டில் வாசலில் நீட்டும் 'வெல்கம் டிரிங்க்' வழியே மஞ்சள்காமாலை பரவுவதைக் குறித்துக் கேரளச் சுகாதாரத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. பெரிய கூட்டத்துக்கு ஐஸை உள்ளே போடாமல், டீயை மூடிய பாத்திரத்தில் ஊற்றி, பாத்திரத்தைச் சுற்றி வெளியே ஐஸ் அடுக்கிக் குளிரவைப்பது பழைய பந்தி உபாயம். இன்றும் அதற்கு நிகர் இல்லை.

வீட்டுக் கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவதும் கோடை மழைக்குப் பிறகு மறக்கக் கூடாத வேலை. நல்ல தரமான பவுடரானால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்காமல் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கண்ணாடி ஜாடியில் டீத்தூளும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் 'சன் டீ' ஒரு காலத்தில் பிரபலம். நம் வெயிலில் இன்னும் நன்றாக வருமே என்று தோன்றும். வேண்டாம். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிரக் கிருமி சாகும் அளவுக்குச் சுடாது. வெதுவெதுப்பு கிருமிக்குத் தொட்டில். 1990களிலேயே அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் டீயைக் கொதிநிலைக்கு அருகில் உள்ள நீரில் போட வேண்டும் என்றும், வெளியில் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. பழம் சேர்ந்த டீக்கு அந்த எட்டு மணி நேரமும் அதிகம். ஃபிரிட்ஜில் வைத்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுவதுதான் சரி.

இந்தப் புளி வேண்டாம்

கொல்லையில் காய்த்துக் கொட்டும் எல்லாப் புளிப்பும் டீக்கு ஆகாது. முக்கியமாக ஒன்று. இரும்பன்புளி, புளிஞ்சிக்காய், பிலிம்பிக்காய் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தப் பச்சைக் காய். மீன் குழம்பில் நான்கைந்து போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பச்சையாகச் சாறெடுத்து டம்ளர் கணக்கில் குடிப்பதுதான் ஆபத்து. கொழுப்புக் குறையும் என்று நம்பி அப்படிக் குடித்த பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்த விவரத்தை மருத்துவர்கள் 2013இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்தக் காயில் மிகுந்திருக்கும் ஆக்சலிக் அமிலம் சிறுநீரகத்தில் உப்பாகப் படிந்ததுதான் காரணம். அதன் உறவான நட்சத்திரப்புளியும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது.

டீயிலும் ஆக்சலேட் உண்டு. அளவோடு குடிப்பவருக்குத் தீங்கில்லை. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 56 வயதுக்காரர் ஒருவர் தினமும் 16 பெரிய கிளாஸ், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர் ஐஸ் டீ குடித்துவந்தார். அவருடைய சிறுநீரகங்கள் பழுதானதற்கு வேறு காரணம் எதையும் மருத்துவர்களால் காட்ட முடியவில்லை. 2015இல் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அது 'ஐஸ் டீ சிறுநீரக நோய்' என்ற பெயரிலேயே வெளியானது. இரும்பன்புளியும் டீயும் ஒரே ஜாடியில் சேர்வது ஏன் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனிப்பின் கணக்கு

மேலே சொன்ன அளவில் ஒரு கிளாஸுக்கு விழும் சர்க்கரை 13 கிராம், மூன்று டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. பழத்தின் சொந்தச் சர்க்கரை தனி. 300 மில்லி குளிர்பானம் ஒன்றில் இருப்பது சுமார் 30 கிராம். அதோடு ஒப்பிட்டால் வீட்டு டீ பரவாயில்லை. ஆனால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதோடு ஒப்பிட்டால் இரண்டாவது கிளாஸ் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

கேரளத்துக்கு இது வெறும் கணக்கல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கேரளத்தில் 25.5 சதவீதம். நான்கு பேரில் ஒருவர். வீட்டில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்தால் அவர்களில் ஒருவர் குடிக்கக் கூடாதவராக இருக்க வாய்ப்பு உண்டு. கருப்பட்டிக்கு இதில் விலக்கு இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்குக் கருப்பட்டி நல்லது என்ற நம்பிக்கை எல்லையின் இரு பக்கமும் வேரோடிக் கிடக்கிறது. கருப்பட்டியில் மணம் உண்டு, சிறிது தாதுச்சத்து உண்டு. மற்றபடி அதில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். சந்தையில் கிடைப்பதில் சர்க்கரையே கலந்திருப்பதும் உண்டு. இனிப்பைப் பாதியாக்கி, இஞ்சியையும் நாரங்காயையும் கூட்டி, இரண்டு துளசி இலை போட்டால் நாக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்னும் ஒரு எண். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். டீயின் டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காப்பி வேண்டாம் என்று 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்னது. நாரங்காயின் வைட்டமின் சி இந்தத் தடையை ஓரளவு தளர்த்தும், நீக்காது. மதியச் சாப்பாட்டோடு தண்ணீருக்குப் பதிலாக ஐஸ் டீ குடிக்கும் அமெரிக்கப் பழக்கம் ரத்தசோகை மிகுந்த ஊருக்கு ஒத்துவராது. மாலை நான்கு மணிக்கு, வெயில் தாழும்போது, ஒரு கிளாஸ் என்பதே அதற்கு உரிய நேரமும் அளவும்.

தாகத்துக்கும் அது மருந்தல்ல. வெயில் கொளுத்தும் நாள்களில் பகலில் டீயையும் காப்பியையும் தவிர்த்து நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் அறிவிக்கிறது. ஒரு கிளாஸ் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். நாளொன்றுக்கு 300க்கு மேல் வேண்டாம் என்பது ஊட்டச்சத்து நிறுவனத்தின் வரம்பு. சின்னப் பிள்ளைகளுக்கு டீயை விட்டுவிட்டுப் பழப்பாகை மட்டும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து கொடுத்தால் அவர்கள் வித்தியாசம் கேட்கப்போவதில்லை. ஐஸ் மிதந்தால் போதும் அவர்களுக்கு.

பாக்கெட்டை விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போவதில் காசு மிச்சம் என்பது சிறிய லாபம். எவ்வளவு இனிப்பு, எந்தத் தண்ணீர், எந்தப் பழம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் குடிப்பவர் கையிலேயே இருக்கும் என்பது பெரிய லாபம். கடையில் கிடைக்கும் கிளாஸில் மூன்றில் ஒன்றைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே முதல் வேலை டீயல்ல. இன்று இரவே ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி மூடி வைப்பது. மற்றதை நாளை மாலை பார்த்துக்கொள்ளலாம்.